மாங்கட்டையில் ஒரு டீக்கி

பசிபிக் தீவுகளின் மரச்சிலை ஓசூர் வீட்டின் பார் மூலைக்கு வரலாமா? தாராளமாக வரலாம். ஆனால் மதுவோடும் முன்னோர் சிலையோடும் இந்த மண்ணுக்குப் பழைய கணக்கு ஒன்று இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டு உளியை எடுப்போம்.

1937 அக்டோபர் 1. அன்றைய சேலம் மாவட்டத்தில் கள்ளுக்கடைகளும் சாராயக்கடைகளும் மூடப்பட்டன. சென்னை மாகாணத்தின் பிரதமராகி மூன்று மாதம்கூட ஆகாத ராஜாஜி, மதுவிலக்கை முதலில் நடத்திப் பார்க்கத் தேர்ந்தெடுத்தது சொந்த மாவட்டத்தை. அவர் பிறந்த தொரப்பள்ளி ஓசூரை ஒட்டிய கிராமம். ஓசூர், கிருஷ்ணகிரி, தர்மபுரி எல்லாமே அப்போது சேலத்தில் அடக்கம். போன வருமானத்தை ஈடுகட்ட 1939-ல் ராஜாஜி கொண்டுவந்ததுதான் விற்பனை வரி. மதுக்கடைகள் பிறகு எத்தனையோ முறை திறந்தன, மூடின. 2003-ல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனது. ஆனாலும் 1937-ம் ஆண்டுச் சட்டம்தான் தமிழ்நாடு மதுவிலக்குச் சட்டம் என்ற பெயரில் இன்றும் நடப்பில் இருக்கிறது.

சேலத்தில் கடை மூடுவதற்கு நான்கு ஆண்டுகள் முன்பு, 1933 டிசம்பர் 5 அன்று, அமெரிக்காவில் இதற்கு நேர்மாறான காட்சி. பதின்மூன்று ஆண்டு மதுவிலக்கு அன்று முடிந்தது. முடிந்த கையோடு ஹாலிவுட்டில் மூங்கிலும் கோரைப்பாயும் தொங்கவிட்ட சின்னஞ்சிறு மதுக்கூடம் ஒன்று முளைத்தது. உலகம் இன்று ‘டீக்கி பார்’ என்று அழைக்கும் வகையறாவுக்கு அதுதான் விதை.

அந்த விதை இப்போது ஓசூர் வரை காற்றில் வந்திருக்கிறது. அசோக் லேலண்ட், டிவிஎஸ், டைட்டன் என்று வளர்ந்த தொழில் நகரம் இது. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் பெங்களூரு. நெடுஞ்சாலை ஓரம் வில்லாக்களும் அடுக்ககங்களும் எழும்புகின்றன. வெளிநாட்டில் சில காலம் வேலை பார்த்துத் திரும்பியவர்கள் மாடி அறையில் பார் கவுண்டர் ஒன்று போட ஆசைப்படுகிறார்கள். பசிபிக் தீவு பாணி வேண்டும் என்று கேட்டால் ஆன்லைனில் பிசின் வார்ப்புப் பொம்மைகள் வீடு தேடி வரும். அவை எல்லாம் ஒரே முகம், ஒரே பல், ஒரே முறைப்பு. அதற்குப் பதிலாகக் கட்டையை வாங்கி நாமே செதுக்கினால் என்ன? அந்தக் கேள்விக்கான பதில்தான் இந்தக் கட்டுரை.

பார் பிறந்த கதை

ஹாலிவுட் கடைக்காரரின் பெயர் எர்னஸ்ட் கான்ட். 1907-ல் பிறந்தவர். இளம் வயதில் தென் கடல்களில் சுற்றித் திரிந்தவர். கடைக்கு ‘டான் தி பீச்கோம்பர்’ என்று பெயர் வைத்து, பிறகு தன் பெயரையே டான் பீச் என்று மாற்றிக்கொண்டார். கலவையின் ரகசியம் போட்டிக் கடைக்குப் போய்விடக் கூடாது என்று புட்டிகளுக்கு எண்ணும் குறியீடும் இட்டு வைத்திருந்தார். கலக்கிக் கொடுக்கும் ஊழியருக்கே உள்ளே இருப்பது என்னவென்று தெரியாது. சான் பிரான்சிஸ்கோவுக்கு எதிர்க்கரையில் ஓக்லண்டில் விக்டர் பெர்ஜரான் 1934-ல் தொடங்கிய உணவகம் பின்னாளில் ‘டிரேடர் விக்’ ஆனது. ஜமைக்கா ரம், எலுமிச்சை, ஆரஞ்சு மது, பாதாம் பாகு சேர்த்த ‘மை டாய்’ என்ற கலவையை 1944-ல் உருவாக்கியது தானே என்றார் அவர்.

இரண்டாம் உலகப் போரில் பசிபிக் தீவுகளில் பணியாற்றிய படைவீரர்கள் ஊர் திரும்பியதும் இந்தக் கடைகளில் கூட்டம் பெருகியது. 1947-ல் நார்வேக்காரர் தோர் ஹெயர்டால், ‘கான்-டீக்கி’ என்ற பால்சா மரத் தெப்பத்தில் பெரு நாட்டிலிருந்து புறப்பட்டு 101 நாளில் பாலினேசியத் தீவு ஒன்றை எட்டினார். டீக்கி என்ற பெயர் வீட்டுக்கு வீடு பழகியது. 1956-ல் கலிபோர்னியாவின் விட்டியரில் தொடங்கிய ‘ஓஷியானிக் ஆர்ட்ஸ்’ நிறுவனம் பார்களுக்கும் உணவகங்களுக்கும் சினிமா செட்களுக்கும் டீக்கி செதுக்கிக் கொடுத்தே காலம் தள்ளி, 2021-ல் மூடியது.

இதில் வேடிக்கை ஒன்று உண்டு. டீக்கி பாரின் உயிர் ரம். அது கரீபியத் தீவுகளின் சரக்கு. ஐரோப்பியர் வரும்வரை பாலினேசியர்களுக்குச் சாராயமே தெரியாது. அவர்கள் சடங்காகக் குடித்தது காவா. மிளகும் வெற்றிலையும் சேர்ந்த அதே குடும்பத்துச் செடியின் வேரை இடித்துக் கரைத்த பானம் அது. ஆக மது ஓரிடத்தது, சிலை வேறிடத்தது, இரண்டையும் சேர்த்து வைத்தது ஹாலிவுட்.

சிலை யாருடையது?

மாவோரி மரபில் டீக்கி முதல் மனிதன். பிரெஞ்சு பாலினேசியாவின் மார்க்கேசஸ் தீவுகளில் டீக்கி என்றால் முன்னோர் உருவம். பெரிய தலை, வட்டக் கண், விரிந்த வாய், வயிற்றின்மேல் வைத்த கைகள், மடங்கிய முழங்கால். அங்குள்ள ஹிவா ஓவா தீவில் தகாய் என்ற கல் டீக்கி எட்டடிக்கும் மேல் உயரத்தில் இன்றும் நிற்கிறது. ஹவாயில் கூ என்ற போர்த் தெய்வத்தின் பிரமாண்டமான மரச்சிலைகள் ஈரப்பலாவில் செதுக்கப்பட்டவை. நம் பலாவுக்குப் பங்காளி மரம். 1819-ல் ஹவாய் மன்னர் பழைய விலக்குகளை ஒழித்தபோது கோயில் சிலைகள் எரிக்கப்பட்டன. தப்பிப் பிழைத்த பெரிய கூ சிலைகளில் ஒன்று லண்டனில், ஒன்று ஹொனலுலுவில், ஒன்று அமெரிக்காவின் சேலம் நகரில் உள்ளது. மூன்றும் 2010-ல் ஹொனலுலுவில் ஒன்றாக நிறுத்தப்பட்டன.

ருருட்டு தீவின் ‘ஆ-ஆ’ சிலையைச் சொல்லாமல் விட முடியாது. சுமார் நான்கடி உயரம். உடம்பெல்லாம் குட்டி உருவங்கள் தொற்றிக்கொண்டிருக்கும். கண், மூக்கு, வாய் எல்லாமே சின்னச் சின்ன மனிதர்கள். 1821-ல் கிறிஸ்தவ மிஷனரிகளிடம் ஒப்படைக்கப்பட்டு இப்போது பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதன் அச்சு வார்ப்பைப் பிக்காஸோ வாங்கி வைத்திருந்தார். மரம் என்ன என்று ஆய்வாளர்கள் பார்த்தபோது சந்தனம் என்று தெரிந்தது.

இவ்வளவும் செதுக்கியது இரும்பு இல்லாமல். கல் வாய்ச்சி, கிளிஞ்சல், சுறாப் பல் ஆகியவைதான் கருவி. 1767-ல் ஆங்கிலேயக் கப்பல் டால்ஃபின் தாஹிட்டிக்கு வந்தபோது, தீவினர் இரும்பு ஆணிக்குக் காட்டிய ஆசையைப் பார்த்த மாலுமிகள் கப்பலின் ஆணிகளையே பிடுங்கிக் கொடுத்தார்கள். கப்பல் கழன்றுவிடுமோ என்று அதிகாரிகள் அஞ்சும் அளவுக்குப் போனது. இங்கே நிலைமை வேறு. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் கிடைத்த இரும்பின் காலம் கி.மு. 2172 என்று 2022-ல் தமிழக அரசு அறிவித்தது. உளிக்குப் பஞ்சமில்லாத ஊர் இது.

கட்டையும் உளியும்

கலிபோர்னியாவில் பெரும்பாலும் பனை வகை மரத்தண்டில் செதுக்குவார்கள். நம்மூரில் அதற்கு நிகர் தென்னை. வெளிவட்டம் இரும்புபோல நார், உள்ளே போகப் போகப் பஞ்சு. ஆழமாக வெட்டினால் மூக்கு நிற்கும், கன்னம் உதிரும். ஆகவே தென்னையில் மேலோட்டமான செதுக்கலோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

கிருஷ்ணகிரிக்காரருக்குக் கை நீட்டும் தூரத்தில் இருப்பது மாமரம். காய்ப்பு ஓய்ந்த பழைய மரங்களைத் தோப்புக்காரர்கள் வெட்டும்போது அடிமரம் கிடைக்கும். பச்சையாக இருக்கையில் உளிக்கு இணங்கும், காய்ந்தபின் உறுதி. இரண்டு குறைகள் உண்டு. பூச்சி சீக்கிரம் அரிக்கும். பாலும் தூளும் சிலருக்குத் தோலில் அரிப்பைக் கிளப்பும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, முகக்கவசம் மூன்றும் கட்டாயம்.

முக்கால் அடி விட்டம், மூன்றடி உயரம் போதும். பட்டையை உரித்ததும் இரண்டு வெட்டுமுகங்களிலும் மெழுகோ கெட்டிப் பெயின்டோ பூச வேண்டும். ஈரம் அந்த முகங்கள் வழியாகத்தான் வேகமாக ஓடும். ஓடினால் கட்டை விண்டுபோகும். அடுத்ததுதான் அனுபவசாலிகளின் வேலை. சிலையின் முதுகுப் பக்கம் உச்சி முதல் அடி வரை ரம்பத்தால் ஒரே நேர்வெட்டு, நடுத்தண்டைத் தொடும் ஆழத்துக்கு. கட்டை காயும்போது எங்காவது வெடித்தே தீரும். அந்த வெடிப்புக்கு முதுகில் வழி விட்டுவிட்டால் முகம் தப்பிக்கும்.

பிறகு சுண்ணாம்புக்கட்டியால் நடுக்கோடு. உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு தலைக்கு; தாராளமாகக் கொடுத்தாலும் தவறில்லை. புருவம், மூக்கு நுனி, வாய் ஓரம், தாடை, தொப்புள் என்று நூல் பிடித்துக் குறிக்க வேண்டும். செதுக்கலின் இலக்கணம் ஒன்றே: முதலில் கோட்டின்மேல் செங்குத்தாக உளியை இறக்கித் தடை வெட்டு, அப்புறம் அதை நோக்கிச் சாய்த்துச் சில்லு எடுப்பது. வரிசை மாறினால் சில்லு கோட்டைத் தாண்டி ஓடி, உதட்டையும் கூட்டிக்கொண்டு போய்விடும். பட்டை உளி சமதளத்துக்கு, நகவுளி கண்குழிக்கு. கொட்டாப்புளியை ஓங்கி ஒரு அடி அடிப்பதைவிட, மெல்லமாகப் பத்து அடி மேல். மூக்கை எப்போதும் கடைசிவரை பெரிதாகவே வைத்திருக்க வேண்டும். பெரிய மூக்கைச் சின்னதாக்கலாம், சின்ன மூக்கை என்ன செய்வது?

செதுக்கி முடித்த உருவத்தைப் போராக்ஸ்-போரிக் அமிலக் கரைசலில் நனைத்து, நிழலில் மாதக்கணக்கில் காயவிட வேண்டும். காய்ந்ததும் கேஸ் டார்ச்சால் மேலாகக் கருக்கி, கம்பி பிரஷ்ஷால் தேய்த்தால் மென்மையான பாகம் உதிர்ந்து மரத்தின் ரேகைகள் எழுந்து நிற்கும். உப்புத்தாள் பிடித்து, ஆளிவிதை எண்ணெய் பூசினால் வேலை முடிந்தது. எண்ணெய் நனைந்த துணியைச் சுருட்டிப் போடக் கூடாது, தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துத்தான் எறிய வேண்டும்.

ஓசூரில் சிஎன்சி இயந்திரத்துக்குக் குறைவில்லை. படத்தைக் கொடுத்தால் ரூட்டர் அரை நாளில் முகத்தை வெட்டித் தந்துவிடும். ஆனால் மரத்தின் ஓட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அதற்குத் தெரியாது; முடிச்சு வந்தாலும் அதே கோட்டில்தான் போகும். கை வேலையில் முடிச்சு கண்ணாகலாம்.

கூப்பிடு தூரத்துக் கலைஞர்கள்

சேலம் மாவட்டம் தம்மம்பட்டியில் மரச்சிற்பம் தெருத்தெருவாக நடக்கும் தொழில். பெரம்பலூர் மாவட்டத்தின் அரும்பாவூரும் கள்ளக்குறிச்சியும் புவிசார் குறியீடு பெற்ற மரச்சிற்ப ஊர்கள். கோயில் வாகனமும் சாமி சிலையும் கதவு நிலையும் செதுக்கிப் பழகிய கைகளுக்கு முகவிகிதம் அத்துப்படி. ஒரு டீக்கி அவர்களுக்குச் சிரமமான வேலை ஆகாது. உளி பிடிப்பது எப்படி என்று கற்க விரும்புபவர் முதலில் போய் நிற்க வேண்டிய இடமும் இவர்களின் பட்டறைதான்.

எல்லைக்கு அந்தப் பக்கம், பெங்களூரு - மைசூரு சாலையில் சென்னபட்ணா. அங்கே செதுக்குவதில்லை, கடைவார்கள். வெப்பாலை மரக்கட்டை கடைசல் இயந்திரத்தில் சுழன்றுகொண்டிருக்கும். வண்ணம் சேர்த்த அரக்குக் குச்சியைச் சுழலும் மரத்தின்மேல் அழுத்துவார்கள். உராயும் சூட்டில் அரக்கு இளகி மரத்தில் ஒட்டும். தாழை ஓலையை வைத்து அழுத்தியதும் கண்ணாடிபோல மின்னும். பார் கவுண்டரின் கைப்பிடி, கோப்பை தாங்கி, கலக்கும் குச்சி எல்லாம் இப்படிக் கடைந்து வாங்கிக்கொள்ளலாம்.

தொழிற்பேட்டை ஊர் என்பதால் பைன் பேலட் மரமும் கிடைக்கும். கவுண்டருக்கு நல்ல பலகை அது. வாங்கும்போது முத்திரையைப் பார்க்க வேண்டும். ‘எச்டி’ என்றால் வெப்பத்தில் பதப்படுத்தியது, எடுக்கலாம். ‘எம்பி’ என்றால் மெத்தில் புரோமைடு புகை போட்டது; வீட்டுக்குள் வேண்டாம்.

நடுகல்லுக்கு வார்த்த கள்

இனி அந்தப் பழைய கணக்கு. கிருஷ்ணகிரி, தர்மபுரி மாவட்டங்களில் வயல் வரப்பிலும் ஏரிக்கரையிலும் நடுகற்கள் நிற்கின்றன. ஒன்றின் முன் குனிந்து பாருங்கள். பலகைக் கல்லில் புடைப்பாக ஒரு வீரன், கொண்டை ஒரு பக்கம் சரிந்திருக்கும். எதிரே பின்னங்காலில் எழுந்த புலி. வீரனின் குறுவாள் புலியின் உடலில் பாய்ந்திருக்கும். அது புலிகுத்திப்பட்டான் கல். ஆநிரை மீட்டு மாண்டவன் கல், பன்றி குத்தி மாண்டவன் கல், தன் தலையைத் தானே அரிந்த நவகண்டக் கல், சதிகல் என்று வகை பல. இவற்றில் பல இன்றும் வேடியப்பன் என்ற பெயரில் பூசை பெறுகின்றன. கிருஷ்ணகிரி அரசு அருங்காட்சியகத்திலும் நடுகற்களைப் பார்க்கலாம். 1972-ல் நாகசாமி பதிப்பித்த ‘செங்கம் நடுகற்கள்’ நூலுக்குப் பிறகு இந்த வட்டாரத்துக் கற்கள் வரலாற்றுச் சான்றுகளாகப் படிக்கப்படுகின்றன.

கல்லைத் தேர்ந்தெடுப்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, படையலிட்டு, வாழ்த்துவது வரை நடுகல் சடங்குக்கான படிகளைத் தொல்காப்பியம் சொல்கிறது. தகடூர், அதாவது இன்றைய தர்மபுரி, அதியமானின் ஊர். அவன் இறந்தபின் ஔவையார் பாடிய புறநானூற்றுப் பாடல் ஒன்று அவனது நடுகல்லைக் காட்டுகிறது. மயிற்பீலி சூட்டி, நாரால் வடித்த கள்ளைச் சின்னக் கலத்தில் வார்த்துப் படைக்கிறார்கள். நாட்டையே கொடுத்தாலும் கொள்ளாதவன் இந்தத் துளிக் கள்ளைக் கொள்வானா என்று ஔவை மறுகுகிறார்.

முன்னோர் உருவமும் மதுவும் அருகருகே இருக்கும் காட்சி நமக்கு ஹாலிவுட்டிலிருந்து வர வேண்டியதில்லை. தகடூர் நாட்டில் ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அது இருந்தது. வித்தியாசம் வரிசையில். இங்கே முதல் வாய் மாண்டவனுக்கு. டீக்கி பாரில் முன்னோர் சும்மா நின்று பார்க்க, குடிப்பது வாடிக்கையாளர்.

மரத்தில் முன்னோரையும் காவலரையும் செதுக்கும் வழக்கமும் நம் நாட்டில் இருந்திருக்கிறது. நிக்கோபார் மக்கள் ‘கரேயு’ என்ற மர மனித உருவங்களை வீட்டில் நிறுத்தினார்கள். நோய் கொண்டுவரும் ஆவிகளை விரட்டுவதற்காக. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட் ஹொரேஸ் மேன் போன்றோர் திரட்டிய நிக்கோபார் பொருள்கள் இங்கிலாந்தின் அருங்காட்சியகங்களில் உள்ளன.

மூலையை அமைப்பது எப்படி?

டீக்கி பாரின் முதல் விதி, வெளியுலகம் தெரியக் கூடாது. ஜன்னலை மூங்கில் தட்டியால் மறைத்து, விளக்கைத் தாழ இறக்கி, மஞ்சள் வெளிச்சத்தில் வைக்க வேண்டும். சுவருக்குக் கோரைப்பாய், தூணுக்குத் தென்னங்கயிறு. கூரையில் கீற்று வேய ஆசை வரும். வீட்டுக்குள் காய்ந்த கீற்றும் மின்விளக்கும் சேர்ந்தால் தீக்கு அழைப்பு. எல்இடி மட்டும் போதும்.

பாலினேசியச் சுவர்களை அலங்கரிக்கும் தாப்பா துணி, காகித மல்பெரி மரப்பட்டையை அடித்துச் செய்வது. அந்தச் செடியின் உறவான மல்பெரிதான் ஓசூர் வட்டாரத்துப் பட்டுப்புழுக்களின் தீனி. மத்தியப் பட்டு வாரியத்தின் மரபுவள மையமே ஓசூரில் இருக்கிறது. நூற்புக்கு உதவாத, துளைபட்ட பட்டுக்கூடுகளைக் கோத்து விளக்குக் கூடு செய்தால், மீன் வடிவப் பிளாஸ்டிக் விளக்கைவிட அழகும் கூடும், ஊரும் தெரியும்.

கோப்பையில் என்ன? கிருஷ்ணகிரி மாம்பழக்கூழ் வெளிநாடுகளுக்குப் போகிறது. தோத்தாபுரிக் கூழ், எலுமிச்சை, பாதாம் பாகு, உடைத்த பனிக்கட்டி, மேலே கொஞ்சம் ஜாதிக்காய்த் தூள். ரம் இல்லாமலே இது முழுமையான டீக்கி பானம். ரம் வேண்டுபவர்கள் விதியைத் தெரிந்துகொள்ளட்டும். வீட்டில் வைத்திருக்கும் மதுவுக்குத் தமிழ்நாட்டில் அளவு வரம்பு உண்டு. எல்லைக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் வாங்கிய புட்டியை அனுமதியில்லாமல் ஜூஜூவாடி தாண்டிக் கொண்டுவந்தால், பார் மூலைக்குப் போக வேண்டியது காவல் நிலையத்துக்குப் போகும்.

கடைசிக் கேள்வி, முதல் கேள்வி

எந்த முகத்தைச் செதுக்குவது? மார்க்கேசஸ் தீவினர் 1987 முதல் தங்கள் கலை விழாவை நடத்தி, மறந்துபோன நடனத்தையும் பச்சை குத்தலையும் செதுக்கலையும் மீட்டெடுத்து வருகிறார்கள். 2024 ஜூலையில் புதுடெல்லியில் கூடிய யுனெஸ்கோ குழு அந்தத் தீவுகளை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. அங்கே டீக்கி உயிருள்ள மரபு. அதை மதுக்கூடத்தின் பொம்மையாக்கியதில் பாலினேசியர் பலருக்கு வருத்தம் இருக்கிறது. நம் வேடியப்பனை நகலெடுத்து எங்கோ ஒரு மதுக்கடை வாசலில் கோப்பை தாங்கியாக நிறுத்தினால் நமக்கு எப்படி இருக்கும்?

ஆகவே கூவையும் ஆ-ஆவையும் அச்சு மாறாமல் நகலெடுக்க வேண்டாம். வேடியப்பனையும் பார் மூலைக்கு இழுக்க வேண்டாம். பாலினேசியச் செதுக்கலிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் துணிச்சல்: தலையை மூன்றில் ஒரு பங்காக்கும் துணிச்சல், கண்ணை வாயளவு பெரிதாக்கும் துணிச்சல். அந்த இலக்கணத்தில் தேவாங்கைச் செதுக்கலாம், தேன்கனிக்கோட்டைக் காட்டு யானையைச் செதுக்கலாம், ஷிப்ட் முடித்துத் தூக்கம் சொக்கும் மனித முகத்தைச் செதுக்கலாம். கையும் மரமும் உளியும் இந்த ஊருடையவை. முகமும் இந்த ஊருடையதாகவே இருக்கட்டும். விருந்தாளி வந்து ‘இது எந்தத் தீவு?’ என்று கேட்டால், கிருஷ்ணகிரி என்று தயங்காமல் சொல்லலாம்.